யெகோவாவின் சாட்சிகளும் ஆண்டுக் கணக்குகளும்: 1874 முதல் இன்றுவரை மாறியவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கணக்குகளை எல்லாம் சார்ல்ஸ் ரசல்தான் கண்டுபிடித்தாரா?

இல்லை, பெரும்பகுதி அவர் கைக்கு வந்து சேர்ந்தது. நியூயார்க் மாகாணத்து விவசாயியும் பாப்டிஸ்டுமான வில்லியம் மில்லர், தானியேல் 8:14இல் வரும் 2300 நாளை 2300 ஆண்டாக எடுத்துக்கொண்டார். கி.மு. 457இல் தொடங்கி எண்ணி, கிறிஸ்து 1843 வாக்கில் வருவார் என்றார். அவர் குறித்த காலம் 1844 மார்ச்சில் கடந்தது. பிறகு அதே இயக்கத்தில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறிக்கப்பட்டது. அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் 'பெரும் ஏமாற்றம்' என்று வரலாறு சொல்கிறது.

அந்தச் சிதறலில் தங்கிய குழு ஒன்றில் நெல்சன் பார்பர் இருந்தார். அவர் முதலில் 1873 என்றார், பிறகு 1874 என்றார். அந்த ஆண்டும் கடந்தபோது, அவருடைய பத்திரிகையைப் படித்துவந்த ஒருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பெஞ்சமின் வில்சனின் மொழிபெயர்ப்பில், 'வருகை' என்று நாம் படிக்கும் 'பரூசியா' என்ற கிரேக்கச் சொல் 'பிரசன்னம்' என்று இருந்தது. அப்படியானால் ஆண்டு தவறவில்லை, கிறிஸ்து 1874இல் கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிட்டார் என்று பார்பர் முடிவு செய்தார்.

பிட்ஸ்பர்க் அருகே அலெகெனியில் துணிக்கடை வியாபாரம் செய்துவந்த இளைஞரான ரசல், 1876இல் பார்பரைச் சந்தித்து இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டார். கிறிஸ்துவின் மீட்புப் பலி பற்றிய கருத்து வேறுபாட்டால் இருவரும் பிரிந்தார்கள். 1879 ஜூலையில் ரசல் தொடங்கிய பத்திரிகையே இன்றைய 'காவற்கோபுரம்'. 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற பெயர் அதற்கு வெகுகாலம் கழித்து, 1931இல் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகர மாநாட்டில் சூட்டப்பட்டது.

பார்பர் காலத்து இந்த நகர்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஆண்டில் நடந்தது என்ன என்பதை மட்டும் மாற்றும் வழி இது. பின்னால் வரும் மாற்றங்களில் பாதி இந்த வழியில் நடந்தவைதான்.

1914 என்ற விடை எப்படி வருகிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இன்று கற்பிக்கப்படும் கணக்கில் ஆறு படிகள் உண்டு.

1. தானியேல் 4இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட, வெட்டப்படும் மரத்தின்மேல் 'ஏழு காலங்கள்' கடந்துபோகவேண்டும்.
2. வெளிப்படுத்தின விசேஷம் 12:6, 14 வசனங்களை ஒப்பிட்டால் 'காலமும் காலங்களும் அரைக்காலமும்', அதாவது மூன்றரைக் காலம், 1260 நாள். ஏழு காலம் அதற்கு இரட்டிப்பு: 2520 நாள்.
3. எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 ஆகியவற்றின்படி ஒரு நாளுக்கு ஒரு வருஷம். ஆக 2520 ஆண்டுகள்.
4. லூக்கா 21:24இல் உள்ள 'புறஜாதியாரின் காலம்' இந்த ஏழு காலமே.
5. அது எருசலேம் அழிந்தபோது தொடங்கியது. அந்த ஆண்டு கி.மு. 607.
6. கி.மு. 607 அக்டோபரிலிருந்து கி.மு. முடியும்வரை 606¼ ஆண்டு. கி.பி. தொடங்கி 1914 அக்டோபர்வரை 1913¾ ஆண்டு. கூட்டினால் 2520.

கூட்டலில் பிழை இல்லை. சிக்கல் 1, 4, 5 ஆகிய படிகளில் இருக்கிறது. அந்த மரம் நேபுகாத்நேச்சார்தான் என்று தானியேலே அவனிடம் சொல்கிறார், அது அவன்மேல் நிறைவேறியதாக அதே அதிகாரம் முடிகிறது. அதற்கு இரண்டாவதாக ஒரு பெரிய நிறைவேறுதல் உண்டு என்பது வசனத்தில் இல்லை, வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது. லூக்கா வசனத்தில் 'ஏழு' என்ற எண்ணே கிடையாது. இன்னொன்று: 2520 என்ற எண் வருவதற்கு ஆண்டுக்கு 360 நாள் வேண்டும், ஆனால் அந்த 2520ஐ நாட்காட்டியில் எண்ணும்போது சாதாரண சூரிய ஆண்டாக எண்ணுகிறார்கள்.

பழைய புத்தகங்களில் கி.மு. 606 என்று இருக்கிறதே?

ரசல் காலத்தில் தொடக்கம் 606. 606ஐ 2520இலிருந்து கழித்தால் 1914, அவ்வளவுதான். ஆனால் கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. ஆகவே கி.மு. 606 அக்டோபரில் தொடங்கினால் 2520 ஆண்டு 1915 அக்டோபரில்தான் முடியும். மில்லரின் இயக்கத்திலும் இதே வழுக்கல் நடந்தது: 2300இலிருந்து 457ஐக் கழித்து 1843 என்றவர்கள், பூஜ்ய ஆண்டு இல்லை என்று தெரிந்ததும் 1844க்குப் போனார்கள்.

ரசலே 1912இன் இறுதியில் தம் பத்திரிகையில் இதை எழுப்பி, 1914 அல்லது 1915 என்று எழுதினார். அதற்குள் 1914இல் உலகப்போர் வெடித்தது. போர் வெடித்த ஆண்டை யாரும் விட்டுக்கொடுப்பார்களா? 1943–44 நூல்களில் முடிவை 1914லேயே நிறுத்திவிட்டுத் தொடக்கத்தை 607க்கு நகர்த்தினார்கள். எருசலேம் அழிந்ததற்குப் புதிய சான்று எதுவும் கிடைத்து நடந்த மாற்றம் அல்ல இது. முடிவுக்கு ஏற்பத் தொடக்கம் ஓராண்டு பின்னுக்குப் போனது.

கி.மு., கி.பி. இரண்டையும் தாண்டும் எந்தக் கணக்கையும் நீங்களே சோதிக்கலாம்: இரண்டு ஆண்டுகளையும் கூட்டி, ஒன்றைக் கழியுங்கள். 607 + 1914 − 1 = 2520. 606 + 1914 − 1 = 2519.

607 என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்களா?

ஏற்பதில்லை. எருசலேம் அழிந்தது கி.மு. 587 அல்லது 586 என்பதே அவர்கள் முடிவு. இதைச் சரிபார்க்க ஒரு எளிய கூட்டல் போதும். பாபிலோன் கி.மு. 539இல் வீழ்ந்தது. இதைச் சாட்சிகளும் ஏற்கிறார்கள். அங்கிருந்து பின்னோக்கி அரசர்களின் ஆட்சிக்காலத்தைக் கூட்டுங்கள்: நபோனிடஸ் 17, லபாஷி-மர்துக் சில மாதங்கள், நெரிக்லிஸ்ஸர் 4, ஏவில்மெரொதாக் 2, நேபுகாத்நேச்சார் 43. மொத்தம் 66. 539 + 66 = 605, அதுவே நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வந்த ஆண்டு. எருசலேம் அழிந்த அவன் 18ஆம் ஆண்டு 587. இந்த ஆட்சிக்காலங்களுக்கு இடையில் இன்னும் 20 ஆண்டை நுழைக்க இடமே இல்லை. அக்காலத்து வியாபாரக் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் எழுதப்பட்டிருக்கும். அந்த 20 ஆண்டுக்கு உரிய பலகை ஒன்றுகூட இல்லை.

பெர்லினில் உள்ள வி.ஏ.டி. 4956 என்ற பலகை, நேபுகாத்நேச்சாரின் 37ஆம் ஆண்டில் நிலாவும் கோள்களும் நின்ற இடங்களைப் பதிவு செய்கிறது. அவை பொருந்தும் ஆண்டு கி.மு. 568/567. அதிலிருந்தும் 18ஆம் ஆண்டு 587 என்றே வருகிறது. 2011இல் 'காவற்கோபுரம்' இந்தப் பலகையை எடுத்துக்கொண்டு, நிலாப் பதிவுகள் 588/587க்கே நன்றாகப் பொருந்துகின்றன என்று வாதிட்டது. அந்த வாதத்தில் கோள்களின் பதிவுகள் ஒதுக்கப்பட்டன.

607க்கு அவர்கள் தரும் ஆதாரம் வேறு: யூதர்கள் கி.மு. 537இல் திரும்பினார்கள், எரேமியா சொன்ன 70 ஆண்டைக் கூட்டினால் 607. ஆனால் எரேமியா 25:11 சொல்வது, ஜாதிகள் எழுபது வருஷம் பாபிலோன் ராஜாவைச் சேவிப்பார்கள் என்பது. எருசலேம் எழுபது ஆண்டு ஆளில்லாமல் கிடக்கும் என்று படித்தால்தான் 607 வரும். 539ஐ நிறுவும் அதே வகைப் பலகைகளே 587ஐயும் நிறுவுகின்றன என்பதை இங்கே விட்டுவிடக்கூடாது.

1914க்கு முன்பு, 1914இல் என்ன நடக்கும் என்று சொன்னார்கள்?

இதுதான் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. 1914இல் கிறிஸ்து பரலோகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஆளத் தொடங்குவார் என்று ரசல் எழுதவில்லை. அது ஏற்கெனவே நடந்துவிட்டதாக அவர் கற்பித்தார். அவருடைய வரிசை இதுதான்:

1799 – 'முடிவு காலம்' தொடக்கம் (போப்பாண்டவரின் அதிகாரம் தொடங்கியதாக அவர் கொண்ட கி.பி. 539 + 1260).
1874 – கிறிஸ்துவின் பிரசன்னம் தொடக்கம் (அதே கி.பி. 539 + தானியேல் 12:12இன் 1335).
1878 – அவர் ராஜ அதிகாரம் ஏற்றது.
1881 – பரம அழைப்பு, அதாவது பரலோகம் போவதற்கான அழைப்பு, முடிந்தது.
1914 – புறஜாதியாரின் காலம் முடிவு. பூமியின் அரசுகள் எல்லாம் கவிழ்ந்து, தேவ ராஜ்யம் முழு ஆளுகை பெறும்.

நடுவிலுள்ள ஆண்டுகள் இன்னொரு வழியிலும் கிடைத்தன. யாக்கோபின் மரணம் முதல் கிறிஸ்துவின் மரணம்வரை 1845 ஆண்டு என்று வைத்து, யூதர்களுக்கு நடந்ததெல்லாம் 1845 ஆண்டு கழித்துச் சபைக்கும் நடக்கும் என்றார்கள். 29 + 1845 = 1874. 33 + 1845 = 1878. 36 + 1845 = 1881. இரண்டு வழியும் ஒரே விடை தருவதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை கெட்டிப்பட்டது. 1894இல் பத்திரிகை, இவை எங்கள் தேதிகள் அல்ல, கடவுளின் தேதிகள் என்றே நம்புகிறோம் என்று எழுதியது. 1914 தொல்லைக் காலத்தின் தொடக்கம் அல்ல, அதன் முடிவு என்றும் அதே இடத்தில் அழுத்திச் சொன்னது. பத்தே ஆண்டில், 1904இல், அராஜகம் 1914 அக்டோபருக்கு முன்பு அல்ல, பின்பு என்று மாறியது.

பிரமிடு அளவு மாறியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ரசல் தம் ஆறு தொகுதி நூலின் 3ஆம் தொகுதியில் (1891) எகிப்தின் பெரிய பிரமிடைக் 'கல்லில் எழுதிய சாட்சி' என்று பயன்படுத்தினார். உள்வழியின் ஒரு அங்குலம் ஓர் ஆண்டு. கீழிறங்கும் வழியில் கி.மு. 1542ஐக் குறிக்கும் இடத்திலிருந்து அடியிலுள்ள குழிவரை 3416 அங்குலம் என்றது முதற்பதிப்பு. 3416 − 1542 = 1874, தொல்லைக் காலம் தொடங்கும் ஆண்டு. பிந்தைய பதிப்புகளில் அதே வாக்கியத்தில், அதே வழிக்கு, 3457 அங்குலம் என்று இருக்கிறது. 3457 − 1542 = 1915. கல் 41 அங்குலம் நீளவில்லை. 1928இல் ரசலுக்குப் பின் வந்த ஜோசப் ரதர்ஃபோர்டு பிரமிடு போதனையை முழுக்கத் தள்ளிவிட்டார்.

1914 அக்டோபரில் என்ன ஆயிற்று?

அக்டோபர் 2 காலை, புரூக்ளின் தலைமையகச் சாப்பாட்டு அறைக்குள் வந்த ரசல் கைதட்டி, புறஜாதியாரின் காலம் முடிந்துவிட்டது, அவர்கள் ராஜாக்களின் காலம் தீர்ந்தது என்று அறிவித்தார். அரசுகள் கவிழவில்லை, சபை பரலோகம் போகவில்லை. 1916 அக்டோபர் 31இல் டெக்சாஸ் வழியே போன ரயிலில் அவர் இறந்தார்.

அடுத்த முப்பது ஆண்டில் பழைய வரிசையின் பொருள்கள் ஒவ்வொன்றாக 1914க்குள் குடியேறின. 1925இல், ராஜ்யம் 1914இல் பரலோகத்தில் பிறந்தது என்ற விளக்கம் வந்தது. ஆனாலும் 1929இல் வெளியான ரதர்ஃபோர்டின் நூலில் பிரசன்னம் 1874லேயே இருந்தது. 1943இல் வெளியான நூல் காலவரிசையைத் திருத்தி எழுதியபோது 1874 நின்ற அடித்தளம் போயிற்று. இன்று சாட்சிகளில் பெரும்பாலோருக்கு 1874 என்ற ஆண்டே தெரியாது. ரசலின் வழியைவிட்டுப் போகாமல் தனியே நின்ற வேதாகம மாணாக்கர் குழுக்கள் சிலவற்றில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ரசல் 1912இல் இந்தியச் சுற்றுப்பயணத்தில் திருவிதாங்கூர்வரை வந்தார். அன்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்டதும் 1874 கணக்குதான்.

1925 விவகாரம் என்ன?

ரதர்ஃபோர்டு 1918இல் தொடங்கிய உரையும், 1920இல் அச்சான சிறுநூலும், இன்று வாழும் லட்சக்கணக்கானோர் ஒருபோதும் மரிக்கமாட்டார்கள் என்றன. கணக்கு: இஸ்ரவேலர் கானானில் நுழைந்தது கி.மு. 1575. எழுபது யூபிலி, ஒவ்வொன்றும் 50 ஆண்டு, ஆக 3500. 3500 − 1575 = 1925. அந்த ஆண்டில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு முதலான முற்பிதாக்கள் உயிரோடு எழுந்து பூமிக்குத் திரும்புவார்கள்.

அவர்கள் வரவில்லை. ஆனால் எதிர்பார்ப்பு உடனே அணையவில்லை. 1929இல் சான் டியேகோவில் 'பெத் சாரிம்', அதாவது பிரபுக்களின் வீடு, என்ற மாளிகை கட்டப்பட்டது. அதன் பத்திரத்தில், தாவீது முதலான முற்பிதாக்கள் திரும்பி வரும்வரை அவர்களுக்காகச் சொத்து வைக்கப்படுவதாக முறைப்படி எழுதிப் பதிவு செய்தார்கள். ரதர்ஃபோர்டு அதில் வசித்து, 1942 ஜனவரியில் அங்கேயே இறந்தார். 1948இல் வீடு விற்கப்பட்டது.

1975ஐ அமைப்பு அறிவித்ததா, அல்லது சபையார் தாங்களாக எதிர்பார்த்தார்களா?

இரண்டு பக்கத்தாரும் சுருக்கிச் சொல்லும் கேள்வி இது. 'அர்மகெதோன் 1975இல் வரும்' என்ற நேரடி வாக்கியத்தைத் தேடினால் கிடைக்காது. கிடைப்பவை இவை.

அமைப்பு 1966இல் வெளியிட்ட நூலில் ஓர் ஆண்டு அட்டவணை உண்டு. ஆதாம் படைக்கப்பட்டது கி.மு. 4026. கடைசியில் '1975 – மனித வாழ்வின் ஆறாவது ஆயிரமாண்டு நாளின் முடிவு', அதற்கடுத்து '2975 – ஏழாவது ஆயிரமாண்டு நாளின் முடிவு' என்று இருக்கிறது. ஆறு நாள் உழைப்பு, ஏழாம் நாள் ஓய்வு, ஆயிரவருஷ ஆட்சி என்று கற்றவருக்கு இதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. 1968 ஆகஸ்டில் 1975ஐ ஏன் எதிர்நோக்குகிறீர்கள் என்ற தலைப்பிலேயே கட்டுரை வந்தது. ஆதாம் படைக்கப்பட்டதற்கும் ஆறாம் நாள் முடிந்ததற்கும் இடையே ஏவாள் படைக்கப்பட்ட காலம் உண்டே என்ற கேள்விக்கு, அந்த வித்தியாசம் வாரங்களோ மாதங்களோ ஆகலாம், ஆண்டுகள் அல்ல என்றது அது. 1974 மே மாத உள்சுற்று இதழ், வீட்டையும் சொத்தையும் விற்று முழுநேர ஊழியத்தில் மிச்ச நாளைக் கழிக்கத் திட்டமிடும் சகோதரர்களைப் பாராட்டியது. அந்த ஆண்டில் மட்டும் 297,872 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

1976 ஜூலையில், ஏமாற்றம் அடைந்தவர்கள் தங்கள் பார்வையைத் திருத்திக்கொள்ளவேண்டும், தவறான புரிந்துகொள்ளுதலே காரணம் என்று பத்திரிகை எழுதியது. வீட்டை விற்றவர்கள் அதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1977, 1978 ஆண்டுகளில் ஊழியம் செய்வோர் தொகை குறைந்தது. 1980 மார்ச்சில்தான், எதிர்பார்ப்பை வளர்த்த தகவல்களை வெளியிட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று வருத்தம் தெரிவிக்கப்பட்டது.

6000 ஆண்டு முடிவு முன்பே ஒருமுறை வந்துபோனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசல் காலத்தில் அது 1872. 1943 நூலில் 1972. இந்த நூறாண்டு வித்தியாசம் பெரும்பாலும் நியாயாதிபதிகளின் காலத்தில் இருக்கிறது: முன்பு அப்போஸ்தலர் 13:20இன் 450 ஆண்டைப் பிடித்தார்கள், பிறகு 1 இராஜாக்கள் 6:1இன் 480ஆம் வருஷத்தைப் பிடித்தார்கள்.

'இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது' – சந்ததி என்பது இப்போது யார்?

முடிவின் அடையாளங்களைச் சொல்லிவிட்டு இயேசு சொன்ன வரி இது, மத்தேயு 24:34. இந்த ஒரு சொல் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1968இல்: 1914இன் நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்ளும் வயதில், ஏறத்தாழ 15 வயதில், இருந்தவர்கள். 1980இல் அந்த வயது 10 ஆயிற்று. 1984இல் 1914இல் பிறந்த குழந்தைகளும் சேர்ந்தார்கள். ஆண்டு ஏற ஏற வயது இறங்கியது. அமைப்பின் இன்னொரு பத்திரிகையான 'விழித்தெழு!', 1914ஐக் கண்ட சந்ததி ஒழியுமுன் புதிய உலகம் வரும் என்பது படைப்பாளரின் வாக்குறுதி என்று ஒவ்வொரு இதழிலும் தன் நோக்க அறிக்கையில் அச்சிட்டுவந்தது. 1995 நவம்பர் 8 இதழில் அந்த வரி இல்லை.

அதே மாதக் 'காவற்கோபுரம்', சந்ததி என்பது காலத்தால் அளக்கப்படுவதல்ல, அடையாளத்தைக் கண்டும் திருந்தாத பொல்லாத மக்கள் என்றது. 2008இல் அது பொல்லாதவர்கள் அல்ல, அபிஷேகம் பெற்ற, அதாவது பரலோகம் போகத் தெரிந்தெடுக்கப்பட்ட, விசுவாசிகள் என்று தலைகீழானது. 2010 ஏப்ரலில் இன்றுள்ள விளக்கம் வந்தது: 1914இல் அடையாளத்தைக் கண்ட அபிஷேகம் பெற்றவர்கள் ஒரு குழு, அவர்களோடு வாழ்நாள் ஒன்றின்மேல் ஒன்று படியும் அபிஷேகம் பெற்றவர்கள் இரண்டாம் குழு. இரண்டும் சேர்ந்து ஒரே சந்ததி.

2015இல், அமைப்பை நடத்தும் தலைமையான ஆளும் குழுவின் டேவிட் ஸ்ப்லேன் இதைப் படம் வரைந்து விளக்கினார். முதல் குழுவுக்கு உதாரணம் ஃப்ரெட் ஃபிரான்ஸ்: 1913 நவம்பரில் ஞானஸ்நானம், 1992 டிசம்பரில் மரணம். ஆகவே 1992க்கு முன்பே அபிஷேகம் பெற்றவர் இரண்டாம் குழுவில் வரலாம். அப்போது 20 வயதாக இருந்த ஒருவர் 80 வயதுவரை வாழ்ந்தால் 2052 ஆகிறது. இது நாங்கள் போட்ட கூட்டல், அமைப்பு சொன்ன ஆண்டு அல்ல. 1975க்குப் பிறகு அமைப்பு புதிய ஆண்டு எதையும் குறிக்கவில்லை.

'புதிய வெளிச்சம்' என்று இதற்குப் பதில் சொல்கிறார்கள். அது சரிதானா?

நீதிமொழிகள் 4:18ஐக் காட்டுவார்கள்: நீதிமான்களுடைய பாதை நடுப்பகல்வரைக்கும் அதிகமதிகமாய்ப் பிரகாசிக்கும். அந்த அதிகாரம் நல்லவனும் பொல்லாதவனும் நடக்கும் வழிகளைப் பற்றியது, ஆண்டுக் கணக்குத் திருத்தம் அங்கே பேசப்படவில்லை. புரிதல் வளர்வது எந்தச் சமயத்திலும் இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சந்ததியின் பொருள் பொல்லாதவர் என்று போய், விசுவாசிகள் என்று மாறுவது வெளிச்சம் கூடுவதாகாது. முந்தையது தவறு என்று சொல்லவேண்டிய இடம் அது. மாறுமுன் முந்தைய விளக்கத்தைக் கேள்வி கேட்டவர்கள் சபையிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. ஸ்வீடனில் மூப்பராக இருந்த கார்ல் ஓலோஃப் யோன்சன் 607க்கு எதிரான சான்றுகளைத் தொகுத்து 1977இல் தலைமையகத்துக்கு அனுப்பினார். 1982இல் நீக்கப்பட்டார்.

பழைய நூல்களில் இவற்றை நானே எப்படிச் சரிபார்ப்பது?

காப்புரிமை ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ரசலின் ஆறு தொகுதி நூலில், 1891 என்று காப்புரிமை போட்டிருக்கும் 3ஆம் தொகுதி, 1910களில் அச்சடிக்கப்பட்டதாக இருக்கலாம். தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பாருங்கள். பிறகு ஒரே நூலின் இரண்டு அச்சுகளை எடுத்து, மூன்று இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

2ஆம் தொகுதி, பக்கம் 101: பூமியின் ஆளுகை கவிழும் யுத்தம் முடிவது பழையதில் 1914, பிந்தியதில் 1915.
3ஆம் தொகுதி, பக்கம் 228: பரிசுத்தவான்களின் விடுதலை பழையதில் 1914க்கு முன்பு, பிந்தியதில் 1914க்குப் பின் மிக விரைவில்.
3ஆம் தொகுதி, பக்கம் 342: பிரமிடின் 3416 அல்லது 3457 அங்குலம்.

இணையத்தில் சுற்றும் ஒற்றைப் பக்கப் படங்களை மட்டும் நம்பி வாதத்துக்குப் போகவேண்டாம். எதிர்ப்பாளர்கள் பக்கத்திலும் வெட்டி ஒட்டிய மேற்கோள்கள் உண்டு. மேற்கோளுக்கு முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது படியுங்கள்.

என் அம்மா சாட்சியாக இருக்கிறார். இதை அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

எல்லா ஆண்டுகளையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். 1914 போனால், கிறிஸ்து 1919இல் இந்த அமைப்பைத் தெரிந்தெடுத்தார் என்ற போதனையும், அதோடு ஆளும் குழுவின் அதிகாரமும் போகும். அவருக்கு இது ஆண்டுக் கணக்கு அல்ல, அன்றாடம் சாய்ந்து நிற்கும் தூண். ஒரே ஒரு படியை எடுங்கள். ஆட்சிக்காலக் கூட்டல் நல்ல தொடக்கம், ஏனென்றால் 539ஐ அவரும் ஏற்கிறார். தாளில் அவர் கையாலேயே கூட்டச் சொல்லுங்கள்: 17, 4, 2, 43. விடையை அவர் எழுதட்டும். அன்றைக்கு அதோடு பேச்சை மாற்றிச் சாப்பிடப் போங்கள்.